பெயரும் பொருளும்: பழைய கணினி விற்பனையில் வாய்மை

தோற்றுவாய்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலிலே தமிழ்க் கல்வெட்டொன்று உளது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணையொன்றை அது தாங்கி நிற்கின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதன் வாசகத்தை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பிற நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும். அவர்களுக்குக் காவல் அளிக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் சிதைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகச் சரக்கு ஏற்றிவந்த கலம் சிதைந்தால் இரு திறத்தார்க்கும் சரிபாதி உரியது. இவையே அவ்வாணையின் சாரம். ஊராத்துறை எனப்பட்டது இன்றைய ஊர்காவற்றுறையே என்பது அறிஞர் துணிபு.

இவ்வாணையில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கலத்திலே வந்தது குதிரையா, பிற சரக்கா என்பதைப் பொறுத்தே உடையவனுக்குரிய பங்கு மாறுபட்டது. எனவே பொருளுக்கு அதன் உண்மைப் பெயரைச் சொல்லாவிடின் விதியே நிலைகுலையும். பொருளின் பெயர் வெறும் அலங்காரமன்று. கொடுப்பவனும் கொள்பவனும் பெறத்தக்க உரிமையை அதுவே அறுதியிடுகின்றது. வாணிகம் தோன்றிய நாள்தொட்டு இவ்வுண்மை மாறியதில்லை.

அந்தத் தீவுகளுக்கு இன்று வரும் சரக்குகளுள் கணினியும் ஒன்று. அதனை வாங்குவோருட் பெரும்பாலார் மாணவரும் அவர்தம் பெற்றோருமாவர். ‘கேமிங் பிசி’, அதாவது விளையாட்டுக் கணினி, என்னும் பெயர் சூட்டி விற்கப்படும் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது, பிற நாட்டு அலுவலகமொன்றில் பல்லாண்டு உழைத்து ஓய்ந்த கணினியே. இப்பெயர் மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதனால் விளையும் கேடு யாது, அதற்குச் சட்டமும் அறிவும் காட்டும் பரிகாரம் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செப்பனிட்ட கணினி

முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும். பழைய கணினியை விற்றல் குற்றமன்று, வாங்குதல் இழுக்குமன்று. மேலை நாடுகளிலும் யப்பானிலும் உள்ள பெரிய நிறுவனங்கள் தம் அலுவலகக் கணினிகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகின்றன. டெல் நிறுவனத்தின் ஒப்ரிபிளெக்ஸ், எச்.பி. நிறுவனத்தின் எலைற்டெஸ்க், லெனோவோ நிறுவனத்தின் திங்சென்ரர் முதலியன அவ்வாறு கழிக்கப்படுவன. அவற்றை மொத்தமாக வாங்கும் வணிகர் முன்னைய உடையவரின் தரவுகளை அழித்து, தூசி நீக்கி, ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, பழுதுற்றவற்றை மாற்றி, உத்தரவாதத்துடன் மீண்டும் விற்பர். இதுவே செப்பனிடுதல் எனப்படும். சோதனையும் உத்தரவாதமும் இன்றித் தூசி மட்டும் துடைத்து விற்கப்படுவது செப்பனிட்ட கணினியாகாது. அது பாவித்த கணினி மட்டுமே.

அலுவலகக் கணினிகள் நாள்முழுதும் இடையறாது இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அவற்றின் பாகங்கள் உறுதியானவை. உதிரிப்பாகங்களும் எளிதிற் கிடைப்பவை. கடிதம் எழுதுதல், கணக்குத் தாள் அமைத்தல், நிரல் எழுதப் பயிலுதல், இணையவழி வகுப்புக்களிற் பங்குபற்றுதல் ஆகிய பணிகளுக்கு அவை இன்றும் சாலப் பொருந்துவன. க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்திலே பாடசாலைகள் மூடப்பட, கல்வி கணினித் திரைக்கும் கைத்தொலைபேசிக்கும் இடம்பெயர்ந்தது. அந்நாட்களிலே குறைந்த விலைக்குக் கிடைத்த செப்பனிட்ட கணினி பல வீடுகளுக்கு உற்ற துணையாயிற்று.

பழையதைப் பேணுதல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதுமன்று. 1990இன் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திலே பெற்றோல் கிடைத்தற்கரிதாக, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். அப்பழைய கார்கள் உழைத்த உழைப்பு பெரிது. ஆயினும் அவற்றைப் பந்தயக் கார் என்று எவரும் விற்றாரில்லை. பழைய பொருளின் பெருமை, அதனை உள்ளவாறு அறிந்து, இயன்ற பணிக்கு இட்டுப் பயன்கொள்வதிலேயே தங்கியுள்ளது.

அண்மைக் காலத்திலே இத்தகைய கணினிகள் சந்தையிலே மிகுந்தமைக்குக் காரணங்கள் சில உள. 2021 ஒக்ரோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு உள்ளதும் இன்ரெல் நிறுவனத்தின் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி கொண்டதுமான கணினிகளையே பொதுவாக ஏற்கின்றது. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் நின்றது. ஆதலின், உலகெங்கும் அலுவலகங்கள் தம் பழைய கணினிகளைக் கழிக்கலாயின. மறுபுறத்தே, 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி அதே ஆண்டு மே மாதமளவில் 360 ரூபாவை அணுகிற்று. புதிய பாகங்களின் விலை சாதாரண குடும்பத்தின் கைக்கெட்டாத உயரத்துக்குச் சென்றது. மலிந்த பழைய பெட்டியும் எட்டாத புதிய பெட்டியும் எதிரெதிரே நின்ற இடைவெளியிலேதான் பெயர் மாற்றம் புகுந்தது.

விளையாட்டுக் கணினியின் இலக்கணம்

விளையாட்டுக் கணினி ஏனைய கணினியினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை அறிந்தாலன்றி ஏமாற்றை அறிதல் இயலாது. இக்காலத் திரையொன்றிலே 1920 நிரல்களும் 1080 நிரைகளுமாக 2,073,600 புள்ளிகள் உள. அசைவு தடையின்றித் தோன்றுதற்குச் செக்கனுக்கு 60 படங்கள் வேண்டும் எனக் கொள்ளின், ஒவ்வொரு செக்கனிலும் பன்னிரண்டு கோடியே நாற்பத்துநான்கு இலட்சம் புள்ளிகளின் நிறத்தைக் கணித்தல் வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் செக்கனின் ஆயிரத்தில் ஏறத்தாழ பதினேழு பங்கு மாத்திரமே. கடிதமொன்றைத் திரையிற் காட்டும்போது படம் அரிதாகவே மாறும். விளையாட்டிலோ ஒவ்வொரு கணமும் முழுப் படமும் புதிதாக வரையப்படுகின்றது.

இவ்வரைதற் பணியைச் செய்வது, கடைகளிலே ‘கிராபிக்ஸ் கார்ட்’ என வழங்கும் வரைவியல் அட்டை ஆகும். அதன்கண் நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான சிறு கணிப்பலகுகள் ஒருங்கே தொழிற்படுகின்றன. அவ்வட்டைக்குப் போதிய மின்வலுவும், எழும் வெப்பத்தை வெளியேற்ற இடமும் காற்றோட்டமும் தேவை. அலுவலகக் கணினியோ இவற்றை வேண்டாது, செயலியினுள்ளேயே அடங்கிய சிறிய வரைவியற் பகுதியுடன் அமைதியாக இயங்குமாறு ஆக்கப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். டெல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஒப்ரிபிளெக்ஸ் 9020 என்னும் கணினியின் ஒடுங்கிய பெட்டி வகையிலே 255 வாற்று மின்வழங்கியே உண்டு. தாய்ப்பலகையுடன் அதனை இணைக்கும் மின்செருகியும் பொதுவழக்கிலுள்ள இருபத்துநான்கு முனைச் செருகியன்று. அந்நிறுவனத்துக்கே உரிய எட்டு முனைச் செருகியாகும். எனவே கடையில் வாங்கிய வேறொரு மின்வழங்கியை நேரே பொருத்துதல் இயலாது. பெட்டி ஒடுங்கியதாதலின் அரை உயர அட்டைகளே அதனுட் புகும். ஆற்றல் வாய்ந்த வரைவியல் அட்டை ஒன்றைப் பின்னர் வாங்கிப் பொருத்தலாம் என்னும் கடைக்காரரின் ஆறுதல்மொழி இத்தகைய பெட்டியிலே பெரும்பாலும் நிறைவேறாது.

மயக்கத்தின் வகைகள்

பொருளைப் பற்றிப் பொய்யே கூறாமல் மயக்குதலும் உண்டு. வெளிப்படையாகப் பொய் கூறுதலும் உண்டு. இரண்டிற்கும் இடைப்பட்டனவும் பல. அவற்றுள் தலையாயவை பின்வருவன.

முதலாவது, செயலியின் பெயரால் வரும் மயக்கம். ‘கோர் ஐ-7’ என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தே அது ஐ-5இனும் ஐ-3இனும் உயர்ந்தது எனப் பலர் கொள்வர். ஒரே தலைமுறைக்குள் அக்கருத்துப் பெரும்பாலும் பொருந்தும். தலைமுறை மாறிய வழிப் பொருந்தாது. இன்ரெல் ஐ7-2600 என்னும் செயலி 2011இல் வெளிவந்த இரண்டாந் தலைமுறையைச் சார்ந்தது. 2022இல் வெளிவந்த ஐ3-12100 பன்னிரண்டாந் தலைமுறையைச் சார்ந்தது. இரண்டிற்கும் நான்கு கருக்களே உள. ஆயினும் பொதுவான அளவீட்டுச் சோதனைகளிலே ‘ஐ-3’ எனத் தாழ்ந்த பெயர் பெற்ற பின்னையது, ‘ஐ-7’ எனப்பட்ட முன்னையதினும் இரு மடங்குக்கு மேல் விரைவுடையது. கோட்டுக்குறிக்குப் பின்வரும் எண்ணின் தொடக்கமே தலைமுறையைக் காட்டுகின்றது. விளம்பரங்கள் ‘ஐ-7’ என்பதைப் பெரிதாக எழுதி, அவ்வெண்ணை விட்டுவிடுவதன் காரணம் இதனால் விளங்கும்.

இரண்டாவது, நினைவக அளவால் வரும் மயக்கம். ‘4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்ட்’ என்பது விளம்பரங்களிலே அடிக்கடி காணப்படும் தொடர். என்விடியா நிறுவனத்தின் ஜி.ரி. 730 என்னும் அட்டை 2014இல் வெளிவந்தது, 4 ஜி.பி. நினைவகத்துடனும் அது விற்கப்பட்டது. அதே நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஜி.ரி.எக்ஸ். 1050 ரிஐ என்னும் அட்டையிலும் 4 ஜி.பி. நினைவகமே உண்டு. ஆனால் பின்னைய அட்டையின் நினைவகம் செக்கனுக்கு 112 ஜி.பி. தரவைக் கடத்த வல்லது. முன்னைய அட்டையின் வேகங்குறைந்த வகையோ 14.4 ஜி.பி.யையே கடத்தும். கிணற்றின் ஆழம் ஒன்றாயினும், ஒன்றிலே துலா, மற்றொன்றிலே சிரட்டை. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுபவன் ஆழத்தை மட்டும் கேட்டு நிறைவடைவானல்லன். ஒரே பெயருக்குள்ளும் இவ்வேறுபாடு நிகழ்தல் உண்டு. 2017இல் வெளிவந்த ஜி.ரி. 1030 என்னும் அட்டை செக்கனுக்கு 48 ஜி.பி. கடத்தியது, 2018இல் அதே பெயரில் வந்த மலிந்த நினைவக வகை 16.8 ஜி.பி.யையே கடத்தியது.

மூன்றாவது, புறத்தோற்றத்தால் வரும் மயக்கம். கண்ணாடிப் பக்கமும் நிறமாறும் விளக்குகளும் கொண்ட புதிய பெட்டியினுள்ளே பழைய தாய்ப்பலகையும் பழைய செயலியும் வைக்கப்படுகின்றன. கழிக்கப்பட்ட சேவைக் கணினிகளினின்றும் எடுத்த சியோன் செயலிகளுக்கெனச் சீனாவிற் புதிதாகச் செய்யப்படும் தாய்ப்பலகைகளும் உள. அத்தகைய பெட்டியிலே பலகை புதியது. செயலியோ 2012ஆம் ஆண்டுக்குரியதாக இருத்தல் கூடும். ‘புதிய கணினி’ என்னும் கூற்று அங்கே பாதி மெய்யாகி, முழுப் பொய்யின் வேலையைச் செய்கின்றது.

நான்காவது, காட்டிக்காட்டி மயக்குதல். பழைய வன்றட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் கணினி சில செக்கன்களில் இயங்கத் தொடங்கும். கடையிலே இதனைக் காட்டியதும் வாங்குபவர் வியப்புறுவர். சேமிப்பகத்தின் விரைவு வேறு. திரையிலே படம் வரையும் விரைவு வேறு. முன்னையதைக் காட்டிப் பின்னையதை நம்பச் செய்தல் இம்முறையின் உட்பொருள். அன்றியும், 2004இல் முதன்முதல் வெளிவந்த ‘கிராண்ட் தெவ்ற் ஓட்டோ: சான் அன்றியாஸ்’ போன்ற பழைய விளையாட்டை இயக்கிக் காட்டி, ‘எல்லாக் கேம்களும் ஓடும்’ என்பாரும் உளர். 2024 ஓகஸ்றில் வெளிவந்த ‘பிளாக் மித்: வுக்கொங்’ என்னும் விளையாட்டுக்கு அதனை ஆக்கியோர் குறித்த ஆகக்குறைந்த தேவையே எட்டாந் தலைமுறை ஐ-5 செயலியும், 16 ஜி.பி. நினைவகமும், 6 ஜி.பி. கொண்ட ஜி.ரி.எக்ஸ். 1060 அட்டையும் ஆகும். ‘எல்லாம்’ என்னும் சொல்லுக்கு விற்பவர் கொண்ட பொருளும் வாங்குபவர் கொண்ட பொருளும் வேறு வேறு என்பது வீட்டுக்குச் சென்ற பின்னரே தெரியவரும்.

ஐந்தாவது, வெளிப்படையான போலி. பழைய அட்டையொன்றின் உள்ளே பதிந்த மென்பொருளை மாற்றியெழுதி, அது தன்னைப் புதிய அட்டையெனத் தானே அறிவிக்குமாறு செய்வர். 2010, 2011ஆம் ஆண்டுகளுக்குரிய அட்டைகள் 2016ஆம் ஆண்டுக்குரியனவாக வேடந் தரித்தன. இது பெருகியமையால், வரைவியல் அட்டையின் இயல்பை ஆராய்ந்து காட்டும் ஜி.பி.யு.-இசற் என்னும் இலவச மென்பொருளிலே போலியைக் கண்டறியும் வசதி 2018இற் சேர்க்கப்பட்டது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது மற்றொன்று. 2022 செப்ரெம்பர் 15ஆந் திகதி எதீரியம் என்னும் மின்னாணயம் தன் இயங்குமுறையை மாற்றியது. அதுவரை அந்நாணயத்தை ஈட்டுதற்காக இராப்பகலாக இயங்கிய வரைவியல் அட்டைகள் பெருந்தொகையாகப் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை என்றல் பொருந்தாது; ஆயினும் அவற்றின் வரலாற்றை மறைத்து விற்றல் வாங்குபவனின் உரிமையைப் பறித்தலே ஆகும்.

பெரு நிறுவனங்களும் விலக்கல்ல

இக்குறை சிறு கடைகளுக்கே உரியது எனக் கருதுதல் தவறு. 1995இல் அமெரிக்காவிலே கொம்பாக் நிறுவனம் தன் போட்டியாளரான பக்கார்ட் பெல் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. திருப்பியனுப்பப்பட்ட கணினிகளின் பாகங்களை, அவ்வாறெனத் தெரிவியாது, புதியனவாக விற்ற கணினிகளிற் சேர்த்தமையே அதன் குற்றச்சாட்டு. என்விடியா 2014இல் வெளியிட்ட ஜி.ரி.எக்ஸ். 970 அட்டையிலே 4 ஜி.பி. நினைவகம் உண்டு எனக் கூறப்பட்டது. அதில் அரை ஜி.பி. ஏனையதினும் மிகக் குறைந்த வேகத்திலே தொழிற்பட்டது. 2016இல் எய்திய இணக்கத்தின்படி, வாங்கியோர்க்கு அட்டையொன்றுக்கு 30 டொலர் வழங்க அந்நிறுவனம் உடன்பட்டது. எட்டுக் கருக்கள் உள்ளன என விளம்பரஞ் செய்த செயலிகளைப் பற்றிய வழக்கை ஏ.எம்.டி. நிறுவனம் 2019இல் 12.1 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

இவற்றால் அறியத்தக்கது யாது? அவ்வட்டையும் அச்செயலியும் பயனற்றவை அல்ல. பலர் அவற்றை மகிழ்ந்து பாவித்தனர். வழக்கு எழுந்தது பொருளின் தரத்தைப் பற்றியன்று, பெயருக்கும் பொருளுக்கும் இடையே கிடந்த வேறுபாட்டைப் பற்றியே.

தீவகத்தார் நிலை

இவ்வேமாற்று எங்கும் தீயதே. எனினும் தீவகத்தார்க்கு அது இருமடங்கு தீயது. யாழ்ப்பாண நகரத்திலே வாழ்பவர் பழுதுற்ற கணினியை முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்று அன்று மாலையே கடைக்காரர் முன் வைக்கலாம். நெடுந்தீவார் ஒருவர் அதனைச் செய்யவேண்டுமாயின், பெட்டியைத் துணியாற் சுற்றிப் படகிலேற்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் சென்று குறிகட்டுவானில் இறக்கி, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் ஆகியவற்றைக் கடந்து பேருந்திலே நகரை அடைதல் வேண்டும். கடைக்காரர் ‘நாளைக்கு வாங்கோ’ என்று ஒரு சொற் சொன்னால் மற்றுமொரு நாள் அவ்வாறே கழியும். கடல் கொந்தளித்தால் அந்நாளும் இல்லை. உப்புக் காற்றும் அலைத்துமியும் திறந்த கணினிக்குப் பகை என்பதும் சொல்லாமலே விளங்கும். நயினாதீவார்க்குக் கடல்வழி குறுகியது. ஏனைய இடர் அதுவே. ஊர்காவற்றுறையாருக்குப் பாலம் உண்டாயினும் தூரமும் நாட்கூலி இழப்பும் உண்டு.

வாங்குவதற்கான பணம் வரும் வழியும் எண்ணத்தக்கது. தீவக மக்களின் உறவினர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இங்கிலாந்திலும் பரந்து வாழ்கின்றனர். மருமகனின் படிப்புக்கென மாமன் அனுப்பும் பணமே பல வீடுகளிற் கணினியாகின்றது. மாமன் படிப்புக்கு என்று அனுப்புவார். மகன் விளையாட்டும் ஓடவேண்டும் என விரும்புவான். தகப்பனாரோ ‘கேமிங்’ என்பது வலிமைக்கு மறுபெயர், அது எல்லாப் பணிக்கும் உதவும் என நம்புவார். மூவர் விருப்பத்தையும் ஒரே சொல் நிறைவு செய்வது போலத் தோன்றுதலே அச்சொல்லின் கவர்ச்சி. ஏமாற்றம் வெளிப்பட்டபின் குற்றம் கடைக்காரர்மீது செல்வதில்லை; பிழையான பெட்டியைத் தெரிந்தவன் எனப் பையன் ஏச்சுக் கேட்பான். அனுப்பியவரிடம் உண்மையைச் சொல்ல வீட்டார் கூசுவர். பணத்திலும் மேலாகக் குடும்பத்துள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை அங்கே தேய்கின்றது.

சட்டத்தின் துணை

இந்நாட்டுச் சட்டம் இவ்விடயத்திலே வாளாவிருக்கவில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரணத்தைக் கூறி விற்கப்படும் பொருள் அவ்விவரணத்துக்கு இயைந்திருத்தல் வேண்டும் என்பதை விற்பனையின் உள்ளார்ந்த நிபந்தனையாக வகுத்துள்ளது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இதனினும் விரிந்தது. வாங்குவோரைத் தவறான எண்ணத்துக்குள்ளாக்கும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவு தடைசெய்கின்றது. பொருளின் தரம், வகை, மாதிரி என்பன பற்றிப் பொய்யாகக் கூறுதலையும், புதியதல்லாத பொருளைப் புதியது எனக் கூறுதலையும் 31ஆம் பிரிவு தடுக்கின்றது.

பொருளைப் பற்றியோ உத்தரவாதத்தைப் பற்றியோ முறையிட விரும்புவோர், விற்பனை நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் அதிகாரசபைக்கு அறிவித்தல் வேண்டும் என 13ஆம் பிரிவு வரையறுக்கின்றது. தீவகத்தார் மனத்திற் பதிக்கவேண்டியது இக்காலவெல்லையே. ‘அடுத்த முறை பட்டினம் போகும்போது பார்ப்பம்’ என ஒத்திப்போட்டால் மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் கழிந்துவிடும். 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தினூடாகவும் அதிகாரசபையின் வழிகாட்டலைப் பெறலாம். கடல் கடவாமல் முதல் அடியை எடுத்துவைக்க அது உதவும்.

சட்டத்தைத் துணைக்கு அழைப்பதற்குச் சான்று வேண்டும். வாங்கிய பொருளுக்குப் பற்றுச்சீட்டுப் பெறுதல் வாங்குபவரின் உரிமை. ஆனால் ‘கணினி ஒன்று’ என எழுதிய பற்றுச்சீட்டால் பயன் சிறிது. அதிலே செயலியின் முழு எண், வரைவியல் அட்டையின் முழுப்பெயர், நினைவகத்தின் அளவு, சேமிப்பகத்தின் வகை, புதியதா பாவித்ததா என்பது, உத்தரவாதக் காலம் ஆகியன எழுதப்படல் வேண்டும். விளம்பரத்தின் படியொன்றையும் பேணி வைத்தல் நன்று. நேர்மையான வணிகர் இவற்றை எழுதித்தரத் தயங்கார். தயங்குபவரிடம் வாங்காது மீளுதலே அறிவுடைமை.

வாங்குவோர் செய்யத்தக்கன

கடையை விட்டு நீங்குமுன் கால்மணி நேரம் செலவிட்டாற் கடல்வழிப் பயணங்கள் பல மிச்சமாகும். கணினியை இயக்கி, விண்டோசின் ‘ராஸ்க் மனேஜர்’ என்னும் பகுதியைத் திறந்தால் செயலியின் முழு எண்ணும் நினைவகத்தின் அளவும் வரைவியல் அட்டையின் பெயரும் தோன்றும். அட்டை மெய்யானதா என்பதை மேற்கூறிய ஜி.பி.யு.-இசற் காட்டும். டெல் நிறுவனத்தின் கணினியாயின் அதன் பெட்டியில் ஒட்டப்பட்டுள்ள சேவைக் குறியீட்டை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டால் அது எந்த ஆண்டுக்குரியது என்பது புலப்படும். சேமிப்பகம் எத்தனை மணி நேரம் இயங்கியுள்ளது என்பதைக் காட்டும் இலவச மென்பொருள்களும் உள. பையன் எந்த விளையாட்டை விரும்புகின்றானோ அதன் ஆகக்குறைந்த தேவையை முன்னரே ஒரு தாளில் எழுதிச் சென்று, கணினியின் விவரத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். இயலுமாயின் அவ்விளையாட்டையே அரைமணி நேரம் கடையில் இயக்கிப் பார்த்தல் சாலச் சிறந்தது. வெப்பத்தால் நேரும் தளர்ச்சி அதற்குள் வெளிப்பட்டுவிடும்.

படிப்புக்கு மாத்திரம் கணினி தேடுவோர் ‘கேமிங்’ என்னும் சொல்லுக்காக ஒரு சதமேனும் மேலதிகமாகக் கொடுத்தல் வேண்டா. அவர்களுக்குச் செப்பனிட்ட அலுவலகக் கணினியே போதியது. விண்டோஸ் 11 ஏலாத பழைய கணினியாயினும், லினக்ஸ் வகை இயக்க முறைமைகளுள் ஒன்றை இலவசமாக நிறுவிப் பாதுகாப்புடன் பயன்படுத்தலாம்; நிரலாக்கம் பயில்வார்க்கு அது மேலதிக நன்மையுமாகும்.

இப்பணியிலே பாடசாலைகளுக்கும் பங்குண்டு. தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவன் செயலியின் எண்ணைப் படித்து அதன் தலைமுறையைச் சொல்லக் கற்றுவிட்டால், அவனது வீட்டுக்கு மட்டுமன்றி அயல்வீடுகளுக்கும் அவனே காவலாவான். பரீட்சைத் தாளுக்காக மனனஞ் செய்த பாகங்களின் பெயர்கள் கடைத்தெருவிலே பயன்படுதலைக் கண்டால், கல்வியின்மேல் அவனுக்குள்ள மதிப்பும் உயரும்.

முடிபு

வாணிகஞ் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணிச் செய்தலே நல்வாணிகம் என வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளிலே கூறினார். விற்பவர் தம் பிள்ளைக்கு இப்பெட்டியை இப்பெயர் சொல்லி வாங்கிக் கொடுப்பாரா என்று ஒரு கணம் எண்ணுவாராயின், இக்கட்டுரையிற் கூறிய மயக்கங்களுட் பெரும்பாலானவை எழமாட்டா. ‘பாவித்த அலுவலகக் கணினி, படிப்புக்கு உகந்தது, பழைய விளையாட்டுக்கள் சில ஓடும்’ என எழுதி விற்பவர் எதனையும் இழப்பதில்லை. வாங்கியவர் மனநிறைவுடன் தம் ஊராரையும் அக்கடைக்கு அனுப்புவார். பொய்ப் பெயரோ, ஒருமுறை கூடிய விலையைத் தந்து, பின் அக்கடையின் பெயரையே கொண்டுபோய்விடும். உண்மையிலே நல்ல பொருளாகிய செப்பனிட்ட கணினியின்மீதும் பழியைச் சுமத்தும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஊர்காவற்றுறைக்கு வந்த பிற நாட்டு வணிகன், தன் கலம் சிதைந்தாலும் தன் பங்கு இன்னது என்பதை ஐயமற அறிந்திருந்தான். அதனைக் கல்லிலே பொறித்து வைத்தனர். அவனுக்கு அளிக்கப்பட்ட தெளிவு, அதே கரையிலே இன்று ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படகுக்குக் காத்திருக்கும் மாணவனுக்கும் உரியது. அவன் கையிலுள்ள பற்றுச்சீட்டிலே பொருளின் உண்மைப் பெயர் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.